ஆற்றுப்படுத்துநர் வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு, நெல்லைச் சீமையிலிருந்து

"எம்மா, இவனுக்கு நீங்களாவது நாலு புத்தி சொல்லுங்கம்மா."

பாளையங்கோட்டையில் நான் உட்காரும் அறைக்குள் வருகிற தாய்மார்கள் அநேகமாக எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பின்னால் பதினைந்து வயசுப் பையன் தலை குனிந்து நிற்பான், மணிக்கட்டில் கட்டிய கயிற்றைத் திருகிக்கொண்டே. அவனுக்குப் புத்தி சொல்லாதவர் ஊரில் யாரும் மிச்சமில்லை. மாமா சொல்லிவிட்டார், டியூஷன் சார் சொல்லிவிட்டார், கோயில் கொடைக்கு வந்த சித்தப்பா சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவன் பேச்சை உட்கார்ந்து கேட்டவர்தான் யாரும் இல்லை. அதனால் இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது: புத்தி சொல்லப் பிடிக்கும் என்பதற்காக இதற்கு வராதீர்கள்.

கவுன்சலிங் செய்யும் இந்த வேலைக்கு அரசு அறிவிப்புகளில் 'ஆற்றுப்படுத்துநர்' என்று பெயர். எனக்குப் பிடித்த பெயர். பழைய ஆற்றுப்படைப் பாட்டுகளில், பரிசு வாங்கித் திரும்புகிற ஒருவர், எதிரே வறுமையோடு வருகிறவரை நிறுத்தி, எந்த வழியாகப் போக வேண்டும், வழியில் என்ன இருக்கும், போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். நம் வேலையில் பாதி அதுதான். எந்த வீட்டுக்கு எந்தக் கதவு என்று தெரிந்திருக்க வேண்டும். மீதிப் பாதி, எதிரே இருக்கும் பிள்ளை பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பது.

சேரும் முன் கதவுகளைப் பாருங்கள்

கல்லூரி விண்ணப்பம் வாங்கும் முன், இந்த வேலை எங்கெங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் மாவட்டத்திலேயே போதுமான இடங்கள் உண்டு.

வீட்டை விட்டு ஓடி வந்து ஜங்ஷன் ரயில் நிலையத்தில் நிற்கும் சிறுவனை எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைப்பார்கள். அவனை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். அவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமா, இல்லத்தில் இருக்க வேண்டுமா என்று அவர்கள் முடிவெடுக்கும் முன், அவனிடம் பேசி, அவன் வீட்டைப் போய்ப் பார்த்து எழுதித் தருவது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆட்கள். அங்கே ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர், பாதுகாப்பு அலுவலர் என்று தனித்தனிப் பணியிடங்கள்.

அதே வயசுப் பையன் அடிதடி வழக்கில் வந்தால் பாதை வேறு. இளைஞர் நீதிக் குழுமம், விசாரணைக் காலத்தில் பிள்ளைகளை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம், நன்னடத்தை அலுவலர். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருவார்கள், ஒருவராவது பெண். நன்னடத்தை அலுவலர் 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையில் எழுதும் நான்கு வரி ஒரு பிள்ளையின் அடுத்த மூன்று வருஷத்தைத் திருப்பும். எழுதத் தெரியாதவர்கள் இந்த வேலையில் பாவம் செய்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

அடி வாங்கிய மனைவிக்கு ஒருங்கிணைந்த சேவை மையமும் மகளிர் காவல் நிலையமும் மகளிர் உதவி எண் 181-உம் உண்டு. விவாகரத்துக்குப் போகும் குடும்பத்துக்குக் குடும்பநல நீதிமன்றத்தில் ஆலோசகர்கள் உண்டு. ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு, மாவட்ட மனநலத் திட்டம், எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையம். இவை தவிர பள்ளிகள், கல்லூரிகள், குடிநோய் மறுவாழ்வு இல்லங்கள், தொண்டு நிறுவனங்கள். கூர்நோக்கு இல்லத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. அதற்கு அனுமதி வேண்டும். ஆனால் இந்த இடங்களில் வேலை பார்க்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "நேத்து உங்க நாள் எப்படிப் போச்சு?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டபிறகும் ஆசை மிச்சமிருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

என்ன படிப்பது

மூன்று வழிகள்.

முதலாவது எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை. எந்தப் பட்டம் படித்தவரும் பொதுவாகச் சேரலாம், இரண்டு வருஷம். இளைஞர்களோடும் குடும்பங்களோடும் வேலை பார்க்க நினைப்பவருக்கு நான் சொல்லும் வழி இதுதான், ஏனென்றால் இதில் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பை விட்டு வெளியே களப்பணிக்கு அனுப்புவார்கள். மருத்துவம் மற்றும் உளமருத்துவச் சமூகப்பணி என்ற சிறப்புப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். மதுரையில் சமூக அறிவியல் கல்லூரி உண்டு. சென்னையில் 1952-இல் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரி உண்டு.

இரண்டாவது உளவியல். எம்.எஸ்சி. உளவியல், அல்லது ஆலோசனை உளவியல். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே தபால்வழியில் உளவியல் படிப்பது வழக்கமாக இருந்தது. 2025 ஜூலை-ஆகஸ்டில் தொடங்கும் கல்வியாண்டு முதல் உளவியல் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. 2021-ஆம் ஆண்டின் துணைநிலைச் சுகாதாரப் பணியாளர் சட்டத்துக்குள் இந்தப் படிப்பு வருவதே காரணம். "வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. உளவியல்" என்று யாராவது இப்போது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

'மருத்துவ உளவியலாளர்' என்று பெயர்ப்பலகை மாட்ட வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும். எம்.எஸ்சி. மட்டும் போதாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மருந்து எழுதுவது மருத்துவர் மட்டுமே. நாம் யாரும் மாத்திரைப் பெயரை வாயால்கூடச் சொல்லக் கூடாது.

மூன்றாவது பலருக்குத் தோன்றாத வழி: குற்றவியல். அபிஷேகப்பட்டியில் இருக்கும் நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே குற்றவியல் துறை உண்டு. சட்டத்தோடு மோதிய பிள்ளைகள், நன்னடத்தைப் பணி, பாதிக்கப்பட்டவர் உதவி என்று போக நினைப்பவருக்கு இது நல்ல அடித்தளம். கூடவே ஆலோசனைப் பயிற்சி ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறு வாரத்தில் 'சான்றளிக்கப்பட்ட கவுன்சிலர்' ஆக்குகிறோம் என்று வருகிற வகுப்புகளைப் பற்றி என் கருத்து கடுமையானது. மனசு உடைந்த பிள்ளைமேல் கைவைக்க ஆறு வாரம் போதாது.

களப்பணியை வீணாக்காதீர்கள்

களப்பணியை வருகைப் பதிவுக்காகச் செய்கிற மாணவர்கள் பிறகு வருந்துகிறார்கள். உண்மையான பாடம் அங்கேதான்.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் வீடு பார்க்கப் போனால், அந்த அம்மா மடியில் சுளவை, அதாவது முறத்தை, வைத்துப் பீடி சுற்றிக்கொண்டேதான் பேசுவார். கை நிற்காது, நின்றால் அன்றைய கணக்கு குறையும். "கொஞ்சம் வேலையை நிறுத்திட்டுப் பேசுங்க" என்று சொல்லும் மாணவியை நான் திருத்தியிருக்கிறேன். சுளவு மடியில் இருக்கும்போது கண் எதிரே பார்க்க வேண்டியதில்லை. சொல்லக் கூச்சமான விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும். தரையில் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். குடிக்கிறீர்களா என்று பார்ப்பதற்காகவே சில வீடுகளில் கொடுப்பார்கள்.

துறையின் ஜீப்பில் போய் வாசலில் இறங்காதீர்கள். ஜீப் நின்றால் தெரு முழுக்கக் கதை. ஒரு ஸ்டாப் முன்னால் பஸ்ஸில் இறங்கி நடந்து போங்கள்.

அப்பா ஊரில் இல்லாத வீடுகள் நிறைய வரும். சென்னையிலோ மும்பையிலோ மளிகைக் கடையில் இருப்பார், அல்லது வளைகுடாவில். பிள்ளையை ஆச்சி வளர்ப்பாள். "அப்பா வந்தால்தான் பேச முடியும்" என்று ஃபைலை மூடிவிடாதீர்கள். கடை அடைத்தபிறகு, ராத்திரி பத்தரைக்கு மேல், வீடியோ அழைப்பில் அந்த அண்ணாச்சியைப் பிடிக்கலாம். பத்து வருஷமாக மாதாமாதம் பணம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவரிடம், "உங்க பையனுக்கு உங்கக் குரல் வேணும்" என்று யாரும் சொன்னதில்லை.

அன்று மாலையே குறிப்பு எழுதுங்கள். பிள்ளை சொன்னதை அதன் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், உங்கள் பாடப்புத்தக வார்த்தையில் வேண்டாம். "அப்பா வந்தா நான் வளவுக்குள்ள போயிருவேன்" என்று ஒரு சிறுமி சொன்னால் அப்படியே எழுதுங்கள். 'பயத்தின் அறிகுறிகள் காணப்பட்டன' என்று எழுதினால் அந்த வளவும் போய்விடும், அவளும் போய்விடுவாள்.

வேலை, சம்பளம்

குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியிடங்களுக்கு அறிவிப்பு மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்திலும் நாளிதழ்களிலும் வரும். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது, தூத்துக்குடி 1986-லேயே பிரிந்தது. ஆகவே மூன்று மாவட்டத் தளங்களையும் வாரம் ஒருமுறை பாருங்கள். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஆற்றுப்படுத்துநருக்குத் தொகுப்பூதியம் ரூ.18,536, புறத்தொடர்புப் பணியாளருக்கு ரூ.10,592, பாதுகாப்பு அலுவலருக்கு ரூ.27,804. எல்லாம் ஒப்பந்தப் பணி. இந்த வேலையின் கனத்துக்கு இந்தச் சம்பளம் நியாயமில்லை. நல்ல பிள்ளைகள் இரண்டு வருஷத்தில் வங்கித் தேர்வுக்குப் போய்விடுவதற்கு இதுவே காரணம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேருகிற நீங்கள் இதைத் தெரிந்தே சேர வேண்டும்.

சமூகப்பணி, உளவியல், சமூகவியல், ஆலோசனை ஆகியவற்றில் பட்டமும், பெண்கள் அல்லது குழந்தைகள் நலத்தில் ஓராண்டு அனுபவமும் கேட்பார்கள். அந்த ஓராண்டுக்காகத்தான் முதலில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேரச் சொல்கிறேன். அனுபவச் சான்றிதழில் தேதிகளும் செய்த வேலையும் தெளிவாக இருக்கட்டும். சிறைத்துறை நன்னடத்தை அலுவலர் போன்ற நிரந்தரப் பணிகளுக்குத் தேர்வாணைய அறிவிப்பைக் கவனியுங்கள். போக்சோ, அதாவது குழந்தைகள்மேல் நடக்கும் பாலியல் குற்ற வழக்குகளில் பிள்ளைக்குத் துணையாகக் கூடவே போகும் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக்குழு நியமிக்கலாம். நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்று கற்க அதைவிட நல்ல பள்ளி இல்லை. ஏழு வருஷம் குழந்தைகளுக்காக உழைத்தபிறகு, நலக்குழு உறுப்பினர், நீதிக் குழும உறுப்பினர் பொறுப்புகளுக்கும் நீங்கள் விண்ணப்பிக்கலாம்.

அறைக்குள் உட்கார்ந்ததும்

என் முதல் வருஷத்தில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா, அப்பதான் சொல்லுவேன்" என்றாள். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் சொன்னது உறவினர் ஒருவர் செய்த பாலியல் கொடுமை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாரானாலும் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும்; சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நான் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதன்பிறகு என்னிடம் பேசவே இல்லை. வேறொரு அக்காவிடம்தான் பேசினாள்.

அன்றிலிருந்து முதல் ஐந்து நிமிஷத்தில், பிள்ளை எதுவும் சொல்லும் முன்னே, இதைச் சொல்லிவிடுகிறேன்: "நீ சொல்றது எனக்குள்ளதான் இருக்கும். மூணு விஷயம் மட்டும் அப்படி இருக்க முடியாது. யாராவது உனக்குக் கெடுதல் பண்ணினா, நீ உன்னையே ஏதாவது பண்ணிக்கிடப் போறன்னா, நீ வேற யாரையாவது ஏதாவது பண்ணப் போறன்னா. அப்ப நான் யார்ட்ட சொல்லப்போறேன்னு உன்ட்டதான் முதல்ல சொல்லுவேன்." இதைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுங்கள். நிறைய பிள்ளைகள் இதைக் கேட்டபிறகும் சொல்கிறார்கள். சொல்லத்தானே வந்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு விஷயம் வெளியே வந்தால் விசாரணை செய்யாதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு, எத்தனை தடவை" என்று தோண்டுவது நம் வேலை இல்லை. அவள் சொன்ன அளவை எழுதிக்கொண்டு, உரியவர்களிடம் சேர்த்து, அவள் தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர், பள்ளி, ஊர் எதுவும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது. பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். பள்ளியில் வேலை பார்த்தால், "அவன் உள்ள என்னதான் சொன்னான்?" என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள். ஒரு பள்ளியில் நான் பதில் சொல்லாததால் எனக்கு நாற்காலி போடுவதையே நிறுத்தினார்கள். நின்றுகொண்டே காத்திருந்தேன், பரவாயில்லை.

தற்கொலையைப் பற்றி நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று புதியவர்கள் எல்லாரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. "செத்துரலாம்னு தோணுச்சா?" என்று மெதுவாக, அதே வார்த்தையில் கேட்டால், பல பிள்ளைகளுக்குத் தோளிலிருந்து சுமை இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். எப்படிச் செய்ய நினைத்தாய் என்று கேளுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அன்றே எடுத்து வேறு இடத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். கைக்கு எட்டாமல் போனால் அந்தக் கொடிய மணிநேரம் கடந்துவிடும். ஹைகிரவுண்டுக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரியில் வீட்டாருக்கு மனநல உதவி எண் 14416 இருக்கட்டும், 'நட்புடன் உங்களோடு' என்று தமிழ்நாட்டில் அதற்குப் பெயர், எந்நேரமும் எடுப்பார்கள். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்களிடம், 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது என்று விளக்குங்கள். மே மாதம் தேர்வு முடிவு வரும் வாரத்தில் விடுப்பு எடுக்காதீர்கள்.

கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைக்கும் முன், மனைவியைத் தனியாகப் பாருங்கள். அடி இருக்கிற வீட்டில் இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துப் பேசினால், அறைக்குள் அவள் சொன்ன வார்த்தைக்கு வீட்டில் போய்த்தான் விலை கொடுப்பாள்.

கயிறு

நம் பக்கத்தில் வேலை பார்க்க வருகிறவர் சாதியைத் தவிர்த்துப் போக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரசு நியமித்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டத் தடை, பள்ளிப் பெயரில் சாதி நீக்கம் ஆகியவற்றோடு, 500 பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றும் அது சொன்னது. அந்த நாற்காலியில் நீங்கள் ஒருநாள் உட்காரலாம் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன்.

முதல் சந்திப்பிலேயே உங்களிடம் கேட்பார்கள்: "நீங்க எந்த ஊரு? என்ன ஆளுக?" ஊரைச் சொல்லுங்கள். இரண்டாவதுக்கு நான் சொல்லும் பதில்: "ஆச்சி, எனக்கு எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான், அத மட்டும் வச்சு என்ட்ட பேசுங்க." முகம் சுளிப்பார்கள். அடுத்த வாரமும் போனால் கதவு திறக்கும்.

அடி வாங்கிய பிள்ளையின் பாதுகாப்பு முதலில். இரண்டு பேரையும் தலைமையாசிரியர் அறையில் நிறுத்திக் கைகுலுக்க வைத்துப் படம் எடுப்பதைச் சமாதானம் என்று யாராவது சொன்னால், அதற்கு உடன்படாதீர்கள். வன்கொடுமை நடந்த இடத்தில் நம் பேச்சு வழக்குக்கு மாற்றாக முடியாது. வழக்கை வாபஸ் வாங்க வைக்க நம்மைப் பயன்படுத்துவார்கள், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஆனால் அரிவாள் எடுத்த பையனும் நம் ஃபைலில்தான் இருப்பான். பதினெட்டு வயது ஆகாதவன். அவனை வெறுத்தபடி அவன் எதிரே உட்கார முடியாது, அவன் செய்ததைச் சின்னதாக்கவும் முடியாது. அப்படி ஒருவனிடம், கயிறு கட்டாத நாளில் என்ன ஆகும் என்று கேட்டேன். வெகு நேரம் கழித்து, "யாரும் கூடச் சேத்துக்கிட மாட்டாங்க" என்றான். அந்த இடத்திலிருந்துதான் எங்கள் பேச்சு ஆரம்பித்தது. அவன் அடித்த பிள்ளையின் வலியைப் பற்றி அவன் வாயால் ஒரு வாக்கியம் வர எட்டுச் சந்திப்புகள் ஆயின.

உங்களுக்கு ஒரு ஆள்

உங்கள் கேஸ்களைக் கேட்க, மூத்தவர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு தடவை, பெயர் சொல்லாமல், "நான் எங்க தப்பு பண்றேன்?" என்று கேட்க ஓர் ஆள். அலுவலகம் ஏற்பாடு செய்யாது, நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். தூக்கம் கெட்டால், பஸ்ஸில் காரணமில்லாமல் அழுகை வந்தால், நீங்களும் ஒரு ஆற்றுப்படுத்துநரிடம் போங்கள். நான் போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்துவிட்டு ஆற்றுக்குப் போங்கள். தாமிரபரணி நம் பக்கத்திலேயே ஓடுகிறது.

கேஸ் முடியும் நாளைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தினால், அவனை விட்டுப் போன ஆட்களில் நீங்களும் ஒருவர் ஆகிவிடுவீர்கள். கடைசி மூன்று சந்திப்புகளை இடைவெளி விட்டு வையுங்கள்: இரண்டு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம்.

பிறகு என்றாவது பாளை பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்ப்பீர்கள், கூட்டாளிகளோடு நிற்பான். நீங்களாகக் கூப்பிடாதீர்கள், கை அசைக்காதீர்கள். உங்களை எப்படித் தெரியும் என்று கூட்டாளிகள் கேட்டால் அவனால் பதில் சொல்ல முடியாது. அவனாக வந்து "அக்கா" என்றால் நின்று பேசுங்கள். பார்க்காத மாதிரி போனால் நீங்களும் உங்கள் பஸ்ஸைப் பார்த்துப் போய்விடுங்கள்.